நூறு கட்டக் கடல்

பட்டுப் புடவைக்கு டிசைன் போடும் கிராஃப் தாளில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு இழையும் ஒரு ஊடை இழையும் சந்திக்கும் இடம். கட்டத்தில் வண்ணம் தீட்டினால் அங்கே பாவு மேலே வரும். வெறுமனே விட்டால் ஊடை மேலே வரும். எங்கள் வீட்டுக்கு வந்த தாள்களில் பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு ஓடும். டிசைன் முடிந்து ஓரத்தில் மீந்ததைக் கிழித்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்கள். தடித்த கோடுகளுக்குள் அடங்கிய அந்த நூறு கட்டம்தான் நான் முதலில் பார்த்த கடல்.

ஆரணிக்குக் கமண்டல நாகநதி உண்டு. பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். கோட்டை உண்டு. 1751-இல் கிளைவ் சண்டையிட்ட ஊர், 1782-இல் ஹைதர் அலியின் படை நின்ற ஊர். எல்லாம் தரையில் நடந்தவை. கப்பல்கள் வந்தது எங்கள் தறிக்குழி ஓரத்துக்கு மட்டும்தான்.

*

கப்பலை ஒளித்து வைத்து, கட்டத்தின் பெயர் சொல்லிக் குண்டு போடும் ஆட்டம். மேலே அ முதல் ஒ வரை, பக்கத்தில் 1 முதல் 10 வரை. உயிரெழுத்தில் பத்து எண்ணினால் ஒ-வில் நின்றுவிடும். ஓ, ஔ இரண்டும் எங்கள் கடலுக்கு வெளியே. ஐந்து கட்டக் கப்பல் ஒன்று, நான்கு கட்டத்தில் ஒன்று, மூன்று கட்டத்தில் இரண்டு, இரண்டு கட்டத்தில் ஒன்று. மொத்தம் 17 கட்டம். மீதி 83 வெறும் தண்ணீர்.

எதிரே அக்கா. ஊடை நூலைத் தார் சுற்றி முடித்த பிறகுதான் ஆட்டம். நடுவில் ஒரு புடவைப் பெட்டியை நிமிர்த்தி வைத்து மறைத்துக்கொள்வோம்.

"ஊ ஏழு."

"காலி."

"இன்னாடா, எல்லாத்தயும் ஓரத்துலயே ஒளிச்சி வச்சிக்கிறியா?"

கேட்கும்போது என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் எச்சில் விழுங்கினால் அடுத்த கேள்வி ஓரத்தில்தான் விழும். அவளிடம் நான் அதிகம் ஜெயித்ததில்லை. ஆனாலும் 'காலி' என்று சொல்லும் அந்த நொடி எனக்கு அவ்வளவு பிடிக்கும். குண்டு தண்ணீரில் விழுந்தது. என் கப்பல் இன்னும் மிதக்கிறது. அது அவளுக்குத் தெரியாது.

*

ஒரு நாள் அக்கா வரிசையாகக் கேட்பதை விட்டாள். ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம். அடுத்த வரியில் இடம் மாற்றி மறுபடி ஒன்று விட்டு ஒன்று. மிகச் சிறிய கப்பலுக்கே அடுத்தடுத்து இரண்டு கட்டம் வேண்டும். அதனால் இந்த முறையில் பாதிக் கடலைத் தேடினால் போதும், ஐம்பது கேள்விக்குள் ஒவ்வொரு கப்பலிலும் ஓர் அடியாவது விழுந்தே தீரும்.

டிசைன் போடும் பெரியப்பா அவள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "பாப்பா, சாதா நெசவ போட்டு வச்சிக்கிறியே" என்றார். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். பாவு ஒன்று மேலே, ஒன்று கீழே. அடுத்த ஊடைக்கு அப்படியே மாறி. புடவையின் உடல் முழுக்க ஓடும் நெசவைத் தாளில் வரைந்தால் கருப்பும் வெள்ளையுமாக இதே கட்டங்கள்தான் வரும். ஒளிந்திருக்கும் கப்பலைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிக்கனமான வலை கிடையாது. பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்கும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

*

பிறகு கப்பல்கள் தாளை விட்டு எழுந்தன. தறி மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் டிசைன் மாற்றும்போது கழிக்கிற அட்டைகளைக் கேட்டு வாங்கி வெட்டினோம். அட்டை கெட்டி, ஓரம் பிசிறாது. அதில் ஏற்கெனவே குத்தியிருக்கும் துளைகள் கப்பலின் வட்ட ஜன்னல்களாக நின்றன. ஒரு வரிசைத் துளை சரியாக மேல்தளத்துக்குக் கீழே அமையும்படி வெட்டுவதற்கு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். புகைபோக்கிக்குத் தீக்குச்சி. கொடிக்கயிறுக்கு அறுந்த ஜரிகை. பெயரைக் கறுப்புப் பேனாவால் எழுதி, புடவைப் பெட்டிக்குள் வரிசையாகப் படுக்க வைப்பேன்.

முதலில் செய்தது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அதன் குண்டு விழுந்த இடத்தில் உயர் நீதிமன்ற மதில் ஓரம் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அன்று பட்டணத்தை விட்டு ஊர்நாட்டுக்கு ஓடி வந்தவர்கள் கதையைப் பெரியப்பா அவருடைய தாத்தா சொல்லிக் கேட்டிருந்தார்.

எம்டனுக்கு உண்மையில் புகைபோக்கி மூன்று. கேப்டன் ஃபோன் முல்லர் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தித் தூரத்துப் பார்வைக்கு ஆங்கிலேயக் கப்பலாகத் தோன்ற வைத்தார். அந்த வேஷத்தில்தான் அக்டோபர் 28 அன்று பினாங்கில் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார். என் எம்டனில் நான்காவது தீக்குச்சியை ஒட்டாமல் செருகி வைத்திருந்தேன், எடுத்துவிடலாம். குச்சி நின்றால் அக்கா சுடக் கூடாது. ஒரு சாண் தூரத்துக்குள் வந்தபின்தான் அடையாளம் கேட்கலாம். இந்த விதியை நாங்களே போட்டோம். இன்றைக்கும் இதைவிட நல்ல விதி ஒன்றை நான் எந்த விளையாட்டுப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

அக்கா வ.உ.சி.யின் இரண்டு கப்பல்களையும் செய்தாள்: காலியா, லாவோ. 1907-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே சுதேசிக் கொடியோடு ஓடியவை. பீரங்கி கிடையாது. அவற்றைப் பத்திரமாகக் கரை சேர்ப்பதுதான் அவளுக்கு வெற்றி. சுடுவதைவிடக் காப்பது கடினம் என்று அந்த ஆட்டத்தில் கண்டுகொண்டோம்.

*

பின்னாளில் படித்தது. ஃபிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் 1898-இல் ஒரு கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். உலகப் போர்க்கப்பல்களைத் தொகுத்து அவர் தொடங்கிய ஆண்டுநூல் இன்றும் அவர் பெயரிலேயே வருகிறது. அவருடைய ஆட்டத்தில் சுடுவதற்கு ஒரு சின்ன மட்டை. அதன் முகத்தில், நடுவை விட்டுத் தள்ளி, ஓர் ஊசி. எதிரிக் கப்பலின் படம் வரைந்த அட்டையில் ஓங்கித் தட்ட வேண்டும். துளை விழுந்த இடத்தில் பீரங்கி இருந்தால் பீரங்கி போயிற்று, கொதிகலன் இருந்தால் வேகம் போயிற்று.

எங்கள் தெருவில் ஜக்கார்டு அட்டை குத்துபவருக்குத் துளை எங்கே விழ வேண்டும் என்பது டிசைன் தாளிலேயே இருக்கும். ஒன்று தப்பினால் புடவையில் அன்னத்தின் கழுத்து முறியும். ஜேன் வேண்டுமென்றே ஊசியை நடுவிலிருந்து நகர்த்தினார். குறி வைத்த இடத்தில் விழக் கூடாது என்பதற்காக. கடலின் நிச்சயமின்மையை ஒரு ஊசியின் இடத்தில் வைத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளெட்சர் பிராட் 1940-இல் புத்தகமாக வெளியிட்ட ஆட்டம் வேறு மாதிரி. 600-இல் ஒரு பங்கு அளவில் மரக் கப்பல்கள், பெரிய கூடத்துத் தரையே கடல். தரையோடு தரையாகக் குனிந்து எதிரிக் கப்பல் எத்தனை அங்குலத் தூரம் என்று கண்ணாலேயே மதிப்பிட்டு எழுத வேண்டும், அப்புறம்தான் அளவுநாடா. நானும் அக்காவும் இதைப் பெரியவர்களான பிறகு தறிக்கூடத்துத் தரையில் ஆடினோம். பெரியப்பா வேடிக்கை பார்த்தார். "நாப்பத்தி ரெண்டு" என்றார். நாடாவை வைத்தால் நாற்பத்திரண்டு. இழைக்கும் இழைக்கும் நடுவே ஆயுள் முழுக்கப் பார்த்த கண் அது.

*

இதை எழுதியே ஆக வேண்டும். 1942 ஜனவரியில் லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். அங்கே தரையைக் கடலாக்கிச் சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகளை நகர்த்தினார்கள். நகர்த்தியவர்களில் பெரும்பாலோர் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள். பலர் கடலுக்கே போகாதவர்கள். பாதுகாப்புக் கப்பல்களின் தடத்தை வெள்ளைச் சுண்ணக்கட்டியில் வரைவார்கள், நீர்மூழ்கியின் தடத்தைப் பச்சையில். பயிற்சிக்கு வரும் அதிகாரிகள் திரைச்சீலையில் போட்ட ஓட்டை வழியாகத்தான் பார்க்கலாம். அந்தக் கோணத்திலிருந்து பச்சை தெரியாது. ஜீன் லெய்ட்லா, ஜேனட் ஓக்கெல் போன்ற பெண்கள் உழைப்பில் உருவான தந்திரங்கள் நிஜக் கடலில் நிஜ மாலுமிகளைக் காப்பாற்றின.

அந்த ஓட்டைத் திரையை நினைத்தால் எங்கள் புடவைப் பெட்டித் தடுப்பு கண்முன் வரும். காலியாவையும் லாவோவையும் விடாமல் காத்த அக்கா அந்தக் கூடத்தில் இருந்திருக்க வேண்டியவள்.

*

1971 டிசம்பர், இந்தியா–பாகிஸ்தான் போர். எம்டனைப் போல இங்கேயும் ஒரு வேஷம். பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி தேடி வந்தது இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒதுங்கியிருக்க, பழைய ராஜ்புத் கப்பல் விசாகப்பட்டினம் அருகே தானே விக்ராந்த் என்பதுபோல வானொலிச் செய்திகளை அனுப்பியது. காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடும் இன்றும் வேறு வேறு சொல்கின்றன. அதில் 90 பேருக்கு மேல் இருந்தார்கள். காஜியை நான் அட்டையில் செய்திருக்கிறேன். அதை மூழ்கடிக்கும் ஆட்டம் மட்டும் ஆடுவதில்லை.

*

2007-இல் அவலான் ஹில் கம்பெனி இரண்டாம் உலகப் போர்க் கப்பல்களை 1800-இல் ஒரு பங்கு அளவில், வண்ணம் பூசி, விற்பனைக்கு விட்டது. பெட்டியைப் பிரிக்கும்வரை உள்ளே எந்தக் கப்பல் என்று தெரியாது. பகடையில் 4, 5 விழுந்தால் ஓர் அடி, 6 விழுந்தால் இரண்டு. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் சில வாங்கி வந்து கொடுத்தார். அழகான வேலைப்பாடு. அந்த அளவில் என் எம்டன் இருந்தால் ஆறரை சென்டிமீட்டர்தான் வரும். 118 மீட்டர்க் கப்பல்.

அக்கா மகள் வந்தால் அட்டைக் கப்பல்கள் இருக்கும் புடவைப் பெட்டி, வாங்கி வந்த கப்பல்களின் பெட்டி இரண்டையும் திறப்பேன். அவள் பிளாஸ்டிக் கப்பல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, குச்சி செருகுற கப்பல் எங்க?" என்பாள். விலை கொடுத்துச் சேர்த்ததைவிடத் தறியடியில் சேர்த்ததுதான் என் தொகுப்பு என்று எனக்கும் தோன்றுகிறது.

*

டிசைன் இப்போது கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். பெரியப்பா வரைந்த தாள்களில் பாதி எடைக்குப் போய்விட்டன. ஆரணியிலோ காஞ்சிபுரத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிராஃப் தாள் கட்டு இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். வரைந்தவர் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு ஒவ்வொன்றின் ஓரத்திலும் எழுதி வையுங்கள். வெற்றுத் தாள் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், நடுவில் ஒரு புடவைப் பெட்டியை நிறுத்திவிட்டு நீங்களே எதிரில் உட்காருங்கள்.