கிடையாமையைப் பொறுத்தல்



இல்லறத்தார் படும் துன்பங்களுள் வெளியே தெரியாமல் உள்ளே அரிப்பது ஒன்று உண்டு. நடுவயதில் வேலையை இழந்து, மறுவேலை தேடி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அலையும் துன்பமே அது. நோய் வந்தால் உறவினர் பழத்துடன் வந்து பார்க்கின்றனர். இறப்பு நேர்ந்தால் ஊரே கூடுகிறது. வேலை போன வீட்டுக்கோ எவரும் வருவதில்லை. வருவோரும், "இன்னும் ஒன்றும் அமையவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகின்றனர்.

நம் முன்னோர் பெரும்பாலும் உழுகுடியினர். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் நிலத்தை நம்பி வாழ்ந்தோர். மழை பொய்த்தால் அடுத்த பருவத்தை எதிர்நோக்கினர். "உனக்கு வயதாகிவிட்டது" என்று நிலம் எவரையும் திருப்பி அனுப்பியதில்லை. பின்னர் நம் பிள்ளைகள் படித்து ஆலைக்கும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்றனர். மாத ஊதியம் வந்தது. அதனுடன் அதன் நிலையாமையும் வந்தது. 2014 நவம்பரில் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2022ஆம் ஆண்டில் மறைமலைநகரில் ஃபோர்டு கார் ஆலை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலைந்தன. 2013ஆம் ஆண்டில் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று, பணி ஆணைக்குக் காத்திருந்தே நரை கண்டோரும் உளர்.

இத்தகையோர்க்கு நம் அறம் கூறுவது வெறும் ஆறுதல் மட்டும்தானா? கைப்பிடித்து நடத்தும் வழியும் அதில் உண்டா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

அறுதொழில் வகுத்தவரின் அலைச்சல்

கற்பகத் தருக்கள் மறைந்து, போகபூமி கருமபூமியாக மாறிய காலத்தில், பிழைக்கும் வழி அறியாது தவித்த மக்களுக்கு அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தவர் ஆதிபகவனாகிய விருஷபதேவர். வாளேந்திக் காத்தலும், எழுத்தும், உழவும், கலைகளும், வணிகமும், கைத்தொழிலும் அவர் காட்டியவை என்பது நம் கொள்கை.

அப்பெருமான் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்து, அதன்பின் உணவு ஏற்பதற்காக ஊர்தோறும் நடந்தார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை மக்கள் அதுவரை அறிந்ததில்லை. ஆதலின் சிலர் யானையைக் கொணர்ந்தனர், சிலர் குதிரையை, சிலர் மணியையும் பொன்னையும், சிலர் தம் மகளிரையே கொணர்ந்தனர். ஒரு கவளம் உணவை முறையறிந்து அளிப்பார் ஒருவரும் இல்லை. திங்கள் பல கடந்தன. இறுதியில் அத்தினாபுரத்து இளவரசர் சிரேயாம்சருக்கு, முற்பிறப்பொன்றில் முனிவர்க்கு உணவளித்த நினைவு எழுந்தது. அவர் கருப்பஞ்சாற்றைப் பெருமான் கைகளில் வார்த்தார். அந்நாளே அட்சய திருதியை. ஊரார் அதனைப் பொன் வாங்கும் நாளாக அறிகின்றனர். நமக்கோ அது, நெடுங்காலம் வெறுங்கையுடன் திரும்பியவர் முதல் உணவை ஏற்ற நாள்.

இவ்வரலாற்றைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். வேலை தேடுவோர் அதனைத் தம் வரலாறாக வைத்து மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகுக்கே தொழில் தந்தவருக்கு ஒரு பிடி உணவு கிடைக்கவில்லை. அது அவர் தகுதியின் குறைவா? அன்று. கொடுப்போரின் அறியாமையும் காலம் கனியாமையுமே காரணம். பெருமான் கிடைக்காத நாளில் வாடவில்லை, கொடாதவரை வெகுளவில்லை, தமக்குத் தகாததைப் பசியின் பொருட்டு ஏற்கவில்லை, மறுநாள் நடப்பதை நிறுத்தவும் இல்லை. நெடுந்தேடலில் நம்பிக்கையோடிருத்தல் என்பதன் இலக்கணம் இந்நான்குமே.

அந்தராயம் என்னும் தடை

எண்வினைகளுள் ஒன்று அந்தராயம். அது ஐவகைப்படும். கொடுத்தலைத் தடுப்பது தானாந்தராயம். பெறுதலைத் தடுப்பது இலாபாந்தராயம். நுகர்தலைத் தடுப்பவை போகாந்தராயமும் உபபோகாந்தராயமும். ஊக்கத்தைத் தடுப்பது வீரியாந்தராயம். தகுதியும் அனுபவமும் இருந்து, நேர்முகத் தேர்வும் நன்கு நடந்து, ஆணை மட்டும் வாராமற் போவதை இலாபாந்தராயம் என்று நம் ஆகமம் பெயரிட்டு வைத்திருக்கிறது.

இச்சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவோர் உண்டு. "எல்லாம் என் வினை" என்று ஒருவர் முயற்சியைக் கைவிட்டுப் படுத்துவிடுகிறார். "அவன் வினை" என்று சுற்றத்தார் கைகழுவி விடுகின்றனர். இரண்டும் ஜினதருமம் அன்று. கட்டின் நால்வகையுள் ஸ்திதி என்பதும் ஒன்று. எவ்வினைக்கும் ஒரு கால எல்லை உண்டு என்பதே அதன் பொருள். கட்டப்பட்ட எதுவும் என்றும் நிற்பதில்லை. உதிர்ப்பும் இருவகை. மாங்காய் மரத்திலேயே நாள் பார்த்துப் பழுக்கும். வைக்கோலில் வைத்தால் முன்னரே பழுக்கும். அதுபோல் வினை தானே கனிந்து உதிர்வதும் உண்டு; தவத்தாலும் பொறையாலும் முன்னரே உதிர்வதும் உண்டு. திருக்குறளில் ஊழ் என்பது 38ஆம் அதிகாரம். அதே நூலில் ஆள்வினை உடைமை 62ஆம் அதிகாரமாகவும், இடுக்கண் அழியாமை 63ஆம் அதிகாரமாகவும் நிற்கின்றன. ஊழை உரைத்தவரே முயற்சியையும், முயற்சி பலிக்காத நாளில் கலங்காமையையும் உரைத்தார் என்பதை மறத்தல் ஆகாது.

நெடுந்தேடலில் நாம் அஞ்ச வேண்டியது இலாபாந்தராயத்தை அன்று, வீரியாந்தராயத்தை. முன்னது வெளிக்கதவை அடைக்கிறது. பின்னது நம் கால்களையே கட்டுகிறது. விடிந்தும் எழ மனம் வாராமை, முகம் மழிக்காமை, வந்த கடிதத்தைப் பிரிக்காமை, திருமண அழைப்புகளைத் தவிர்த்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். கதவைத் திறப்பது நம் வசம் இல்லை. நாள்தோறும் எழுந்து கதவருகே செல்வது நம் வசம் உண்டு.

நாள்தோறும் செய்யத்தக்கவை

முனிவர் பொறுக்க வேண்டிய பரீஷகங்கள் இருபத்திரண்டு. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் ஆகியவற்றுடன் 'அலாபம்', அதாவது கிடையாமை, என்பதும் அவற்றுள் ஒன்று. கிடையாமையைப் பொறுத்தல் பசியைப் பொறுத்தலுக்கு நிகரான பயிற்சி என்று நம் ஆச்சாரியர்கள் வைத்தனர். ஆதலின் ஒரு மறுப்புக் கடிதத்தைத் தாங்கிக்கொண்ட நாள் வீணான நாள் அன்று.

இதற்கு ஒழுங்கு வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாமெல்லாம் முதலில் கற்றது பாடக்குறிப்பு எழுதுதல். நாளைய வகுப்பில் எதனைக் கற்பிப்போம் என்பதை இன்றிரவே எழுதிவிடுவோம். மாணவர் அனைவரும் தேறுவர் என்று அதில் எழுதுவதில்லை. நாம் செய்வதை மட்டுமே எழுதுவோம். வேலை தேடுவோரும் அவ்வாறே குறிப்பேடு வைக்கலாம். நாளை யாரைக் காண்பது, எவ்விடத்துக்கு விண்ணப்பிப்பது, எதனைப் புதிதாகக் கற்பது என்ற மூன்றும் போதும். மாலையில் அவற்றைச் செய்தோமா என்று மட்டும் பார்க்க வேண்டும். கிடைத்ததா என்று பார்க்க வேண்டா.

காலையில் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்தல் நன்று. விரும்பியதைப் பிரிந்ததையே எண்ணி எண்ணிக் குமைதல் ஆர்த்தத் தியானம். அது புதிய வினைக்கு வாயில். அவ்வாயிலை அடைப்பதே செறிப்பு. "நான் ஒன்றுமில்லாதவன் ஆகிவிட்டேன்" என்ற எண்ணம் எழும்போது, பொன்னூர் மலையோடு நம் மரபு போற்றும் குந்தகுந்த ஆச்சாரியரின் போதனையை நினைத்தல் வேண்டும். அறிதலும் காண்டலுமே உயிரின் இயல்பு. பதவி அதற்கு வெளியே இருந்தது, வெளியே போயிற்று. அறியும் உயிரில் ஓர் அணுவும் குறையவில்லை.

தகாததை ஏலாமை

நெடுநாள் வருவாய் இல்லாதபோது அணுவிரதங்கள் சோதனைக்கு உள்ளாகின்றன. வயதைக் குறைத்து எழுதச் சொல்வோர் வருவர். செய்யாத பணிக்கு அனுபவச் சான்றிதழ் தருவோர் வருவர். ஓரிலட்சம் கொடுத்தால் வேலை உறுதி என்று இடைத்தரகர் வருவர். மதுக்கடைக் கணக்குக்கும் இறைச்சிக் கிடங்கின் மேற்பார்வைக்கும் அழைப்பு வரலாம். பள்ளிக் கட்டணம் கட்ட நாள் நெருங்கும்போது இதனை மறுப்பது எளிதன்று. அவ்வலியை அறியாதவர் இதனை எளிதாகப் பேசவும் கூடாது. பெருமான் யானையை ஏலாது நடந்ததை அப்போது எண்ணிக்கொள்ளலாம். ஆனால் ஊதியம் குறைந்தது, பதவி தாழ்ந்தது என்பதற்காக நேரிய வேலையை மறுத்தல் வேறு; அது மானம் அன்று, மானகஷாயம். அறுதொழில்களுள் ஒன்றையும் பெருமான் இழிந்ததென்று வைக்கவில்லை.

சுற்றத்தார் கடமை

அயலார் பெறுவதற்கு இடையூறு செய்தலே அந்தராய வினை வந்தடையும் வாயில் என்பது நம் தத்துவம். களத்தில் போரடித்த மாடுகளுக்கு வாய்க்கூடை கட்டச் சொன்னதன் பயனாகவே பெருமானுக்கு அத்தடை நேர்ந்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது. கண்ணெதிரே கதிர் இருக்க வாய் கட்டப்பட்டு நிற்கும் மாட்டின் நிலையே வேலையற்றவர் நிலை. நம் சொல்லும் அவருக்கு ஒரு வாய்க்கூடையாகி விடக்கூடாது.

அன்று யானையும் குதிரையும் கொணர்ந்தோர் தீயோர் அல்லர். வேண்டுவது எதுவென்று அறியாதோர். நாமும் அறிவுரை என்னும் யானையையும், ஒப்பீடு என்னும் குதிரையையும் கொணர்கிறோம். அவருக்கு வேண்டுவதோ ஒரு வாய்க் கருப்பஞ்சாறு. காலியிடம் ஒன்றின் செய்தி, அறிமுகக் கடிதம் ஒன்று, பிள்ளையின் ஒரு பருவக் கட்டணத்தை ஓசையின்றிக் கட்டிவிடுதல், "நீங்கள் இருப்பதே எங்களுக்குப் பலம்" என்று மனைவி சொல்லும் ஒரு சொல், இவையே அச்சாறு. தொழில் நடத்தும் அன்பர்கள், நாற்பதைக் கடந்தவர் என்பதால் ஒரு விண்ணப்பத்தை ஒதுக்குமுன் சிரேயாம்சரை நினைத்தல் வேண்டும். வேலை தேடுவோரும் தமக்குப் பொருந்தாத இடம் ஒன்று தெரியவந்தால், அதனை மற்றொருவர்க்கு உடனே உரைத்தல் நன்று. பிறர் கதவைத் திறப்பவர்க்கு இடையூற்று வினை புதிதாகச் சேராது.

அன்புடையீர்! அத்தினாபுரம் எத்தனை ஊர்களுக்கு அப்பால் இருக்கிறது என்பதை நடப்பவர் எவரும் முன்னரே அறிவதில்லை. நடக்கும் கால்களுக்கு வலிமையும், வாயிலில் நிற்போர்க்கு வேண்டுவதை அறியும் அறிவும் நம் இல்லங்களில் பெருகுவனவாக!

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!