சாட்சி கேட்கிற பரிவு

கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன பெண்மணியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில். 'மூணு மாசத்துக்குக் குடம் தூக்காதீங்க, குனிஞ்சு கோலம் போடாதீங்க' என்று இலவச ஆலோசனை வேறு. தையல் ஆறி ஒன்றரை மாதம் போனதும் வீடு பழையபடி ஆகிவிடும். அவரும் பழையபடி ஆகிவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம்.

ஆபரேஷன் இல்லாமல், வயசில் இயல்பாக மாதவிலக்கு நின்றவருக்கு அந்த ஆப்பிள்கூடக் கிடையாது. ராத்திரி மூணு மணிக்குக் குப்பென்று வேர்த்து எழுந்து உட்கார்ந்தால், 'ஃபேனை ஏன் அஞ்சுல வெச்சே, குளிருது' என்கிறார் பக்கத்தில் இழுத்துப் போர்த்தியிருப்பவர்.

ஆக, பரிவு காட்டுவதற்கு நமக்கு ஒரு தழும்பு சாட்சியாக வேண்டுமா?

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும்; ஆனால் சினைப்பைகள் இருக்கிறவரை ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும். சிலருக்கு அது கொஞ்சம் சீக்கிரமே ஓய்ந்துவிடலாம், அவ்வளவுதான். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் கதையே வேறு. இயற்கை சில வருஷங்கள் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செய்கிற வேலை, ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. வேர்வை, தூக்கமின்மை, காரணம் தெரியாத அழுகை எல்லாம் உக்கிரமாக வரும். நாற்பது வயசில் இப்படி ஆனால் எலும்புக்கும் இதயத்துக்கும்கூட ஆபத்து கூடுகிறது. அதனால்தான், தடையேதும் இல்லாதவர்களுக்கு, இயல்பாக நிற்கக்கூடிய வயசுவரை ஹார்மோன் சிகிச்சை தரச் சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக அது ஆகாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு.

சினைப்பையை எடுத்தார்களா, விட்டார்களா என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். எத்தனை கணவர்கள் அதைப் படித்திருக்கிறார்கள்? பில்லை மட்டும் இரண்டு தடவை படிப்போம்.

'அதான் ரெண்டு புள்ளை பெத்தாச்சே, இனிமே அது எதுக்கு?' எனக்கு ஆட்சேபம் இந்த வாக்கியத்தின் மேல்தான். ஓர் உறுப்பு அடுத்தவருக்குப் பயன்படுகிற வரைதான் அதற்கு மதிப்பு என்கிற கணக்கு இது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களிடம் இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது 2019-ல் வெளியே வந்தது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். அதற்குப் பயந்து முப்பது வயசுக்குள்ளேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். தேவையில்லாத இந்த ஆபரேஷன்களைத் தடுக்கும் வழிமுறைகளை மாநிலங்கள் அமல்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. நம் வீட்டு ஹாலில் அபராதம் இல்லை. வாக்கியம் என்னவோ அதேதான்.

அதற்காக, ஆபரேஷனே பாவம் என்று கிளம்பிவிட வேண்டாம். நாள்கணக்கில் ரத்தப்போக்கு, ஃபைப்ராய்டு என்று வருஷக்கணக்கில் அவதிப்பட்டவர் 'அப்பாடா, விட்டது தொல்லை' என்று சிரித்தால், கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியதுதான். அவரிடம் போய் 'பாவம், பெண்மையே போச்சே' என்று உச்சுக்கொட்டுகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம்.

டாக்டர் ரூமில் கவனித்துப் பாருங்கள். சம்பந்தப்பட்டவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். 'எடுத்துடலாமா டாக்டர்?' என்று கேட்பவர் பின்னால் நிற்கிற கணவர், அல்லது மாமியார். டாக்டரும் அவர்களைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அடுத்த தடவை, 'சினைப்பை இருக்குமா? வேற வைத்தியம் பார்த்தாச்சா?' என்கிற கேள்விகளை ஸ்டூலில் இருப்பவரே கேட்கட்டும். அவர் கேட்டு முடிக்கிறவரை மற்றவர்கள் வெளியே பெஞ்சில் உட்காரலாம்.