உண்டு கிடக்கும் பாம்பு

திருவொற்றியூரிலே இறைவன் புற்றுருவாய் எழுந்தருளியிருத்தலும், படம்பக்கநாதர் எனப் பெயர் பெறுதலும், கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் கவசம் நீங்கிக் காட்சி தருதலும் அன்பர் பலரும் அறிந்தனவே. புற்றையும் அரவையும் இங்ஙனம் போற்றும் அவ்வூரிலும், அடுத்துள்ள இராயபுரம், எண்ணூர்ப் பக்கங்களிலும், பண்டகசாலை மூட்டைகளினிடையே எலி தேடிவந்த பாம்பொன்று வயிறு பருத்துக் கிடக்கக் காணின் தடியெடுப்பாரும் உளர். அஃது அசையாமை கண்டு, அடித்தற்கு இதுவே சமயம் என்பர். இது தகுமோ என்பது ஆராயற்பாலது.

அவ்வசைவின்மை ஓய்வன்று. இரையை மெல்லுதற்குரிய பல் பாம்பிற்கில்லை. முழுதாய் விழுங்கியதை உள்ளேயே கரைத்தல் வேண்டும். பர்மிய மலைப்பாம்பு தன் உடலெடையிற் பாதிக்கு மேற்பட்ட இரையை உண்டபின், அதன் உடல் செலவிடும் ஆற்றல் நாற்பது மடங்கு வரை உயர்தலை ஆராய்ச்சியாளர் கண்டனர். 48 மணிநேரத்துள் அதன் இதயக் கீழறையின் நிறை நூற்றுக்கு 40 பங்கு மிகுதலை 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. அடிக்கடி உண்ணும் பாம்புகளிடத்து இம்மாறுதல் இத்துணைப் பெரிதன்றாயினும், தொழில் ஒன்றே. புறத்தே கல்லெனக் கிடப்பது அகத்தே உலைக்களமாய் இருக்கின்றது! இதற்கு வெம்மையும் வேண்டும். குளிர் மிகின் இரை செரியாது அழுகும். ஆதலின் வெம்மையுள்ள மறைவிடம் நாடி நாட்கணக்கில் தங்கும். அச்சுறுத்தினாலோ, பருத்த வயிற்றோடு விரைதல் அரிதாகலின், உண்டதைக் கக்கிவிட்டு ஓட முயலும். அரிதிற் பெற்ற உணவை உயிரச்சத்தால் உமிழ்வதைக் கொடியதென்றல் யாங்ஙனம்? (புற்றிற் பால் வார்ப்பார், பால் பாம்பின் உணவன்றென்பதையும் அறிதல் நன்று.)

அற்றேல், மூட்டையினடியிற் கைவிடும் தொழிலாளியின் உயிர் உயிரன்றோ எனின், நன்று வினவினீர். உண்ட நாகம் நஞ்சற்றதன்று, மிதித்தாற் கடிக்கும். அதனருகே வேலை செய்க என்று ஏவுதல் அருளாகாது. ஆயின் விலகிநிற்றல் ஒன்று. விலக மாட்டாததை அடித்தல் வேறொன்று. பசியை எல்லா உயிர்க்கும் பொதுத்துன்பமெனக் கண்டு, வடலூரில் 1867-இல் தருமச்சாலை நிறுவிய இராமலிங்க அடிகள் பன்முறை வழிபட்ட தலமும் இவ்வொற்றியூரே. அரசின் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டமும் நாகத்தையும் சாரையையும் கொல்லற்க என்கின்றது.

ஆட்களை அப்புறப்படுத்தி, அவ்விடத்து வேலையை நிறுத்தி, வனத்துறையினர்க்கோ தீயணைப்பு நிலையத்தார்க்கோ அறிவித்தல் பண்டகசாலை உடையார் கடன். அந்நாட்கூலியைத் தொழிலாளிக்குக் குறையாது கொடுத்தலும் அவர் கடனே.