கோள்களின் மேல் ஏற்றிய சுமை

புரட்டாதிச் சனிக்கிழமைகளில், இரத்மலானையிலிருந்து கொட்டாஞ்சேனை வரையுள்ள நம்மவர் கோயில்களிற் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்க நிற்போரின் மனக்கவலையைக் கேட்டால், அது பெரும்பாலும் உத்தியோக மாற்றமாகவோ, கூட்டு வியாபாரத்திற் பிளவாகவோ, குடும்பப் பிணக்காகவோ இருக்கும். மனிதருக்குள் நேரும் மாற்றங்களுக்கு வானத்தை விசாரிக்கும் இவ்வழக்கத்தை மூடபக்தியென்று தள்ளுமுன், அந்தீஸ் மலைக் குடியானவரைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம்.

பேரு, பொலிவியா நாடுகளின் மேட்டுநிலங்களில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர், ஜூன் மாதப் பிற்பகுதியில் விடியுமுன் மலையேறி, நாம் கார்த்திகை என்று வழங்கும் மீன்கூட்டத்தை உற்றுநோக்குவர். அது துலக்கமாயிருப்பின் வழமையான காலத்தில் நடுவர், மங்கியிருப்பின் மழை குறையுமென்று நடுகையைச் சில வாரங்கள் பிற்போடுவர். எல் நினோ ஆண்டுகளில் மிக உயரத்தே படரும் மெல்லிய முகிலே அம்மங்கலுக்குக் காரணமென்று, ஓர்லவ் முதலிய மூன்று ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர்.

நாமோ வானத்தைப் பார்ப்பதில்லை, பஞ்சாங்கத்தைப் பார்க்கிறோம், அதுவும் ஒன்றன்று. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் கும்பராசிக்குப் பெயர்ந்த சனி, வாக்கியப்படி அவ்வாண்டு டிசம்பர் 20இலேதான் பெயர்ந்தார். பதினொரு மாதம் அவருக்கு இரண்டு வீடு! ஆயினும், ஏழரைச் சனியின்மேற் பழியைப் போட்டுவிட்டு, ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல் தவணை வைத்துப் பொறுத்திருக்கும் தம்பதியரை நான் இகழமாட்டேன். மருமகளின் ஜாதகமே குடும்பத்தைக் கெடுத்ததென்று கோளின் சுமையை ஓர் அப்பாவியின் தலையில் இறக்கும்போதுதான் அது பாவமாகின்றது.

மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரை, நாளுங் கோளும் நன்றல்லவென்று அப்பர் தடுத்ததும், அவர் கோளறு திருப்பதிகம் பாடிச் சென்றதும் சைவர் அறிந்த வரலாறு. பதிகத்தைப் போற்றும் நாம் அப்பரின் தடையை எளிதில் மறந்துவிடுகிறோம். சமணராற் சுண்ணாம்புக் காளவாயில் இடப்பட்ட அம்முதியவர், கோளின் பெயரால் எடுத்துரைத்தது தம் அனுபவத்தையும் அந்தப் பிள்ளைமேல் வைத்த வாஞ்சையையுமே என்பது என் கருத்து. புதிய நிர்வாகம் வந்த தொழிற்சாலையில், "இப்ப காலம் சரியில்லை, ஐயா" என்று தயங்கும் பழைய தொழிலாளியிடம், எந்த இயந்திரத்தைக் குறித்து, எவரைக் குறித்து அவ்வாறு சொல்கிறாரென்று விசாரிக்கும் பொறுமை எத்தனை மேலாளருக்கு உண்டு?