எலும்புக்குள் எரிபொருள்

கோப்பன்ஹேகனில் மின்மோட்டார்களும் தூசு உறிஞ்சும் இயந்திரங்களும் செய்துவந்த பெடர் ஆண்டர்சன் ஃபிஸ்கர், முதல் உலகப்போர் ஓய்ந்த கையோடு ஒரு மோட்டார் சைக்கிளை உருவாக்கினார். நிம்புஸ் என்று பெயர். 746 சிசி எஞ்சின், ஒரே வரிசையில் நான்கு சிலிண்டர்கள், சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு. வண்டியின் முதுகெலும்பாக ஓடிய தடித்த குழாய்தான் அதன் பெட்ரோல் டாங்கியும். அந்தக் குழாயைப் பார்த்த டேனிஷ்காரர்கள் வண்டிக்குக் ‘கணப்படுப்புக் குழாய்’ என்றே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். டாங்கி என்று தனியாக எதையும் மேலே ஏற்றிவைக்கவில்லை. சுமப்பதும் சுமக்கப்படுவதும் ஒரே உடம்புக்குள் அடங்கிவிட்டன.

எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2002-இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எரிக் பியூல் செய்த ஃபயர்போல்ட் என்ற ஸ்போர்ட் வண்டியிலும் பெட்ரோல் சட்டத்துக்குள்தான் இருந்தது. எஞ்சின் ஒயில், பின்சக்கரத்தைத் தாங்கும் கரத்துக்குள் இருந்தது. பியூல் முன்பு ஹார்லி-டேவிட்சனில் பொறியியலாளராக இருந்தவர். பெரிய தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் வண்டிகளை இறக்கும் உலகத்தில், அமெரிக்க மண்ணில் ஒரு சிறிய குழுவால் நல்ல ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள் செய்ய முடியும் என்று காட்டவே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர். ஃபிஸ்கரும் அவரும் வேறு வேறு காலத்தவர், வேறு வேறு நாட்டவர். ஆனாலும் எலும்புக்குள் எரிபொருளை வைக்கலாம் என்ற எண்ணம் இருவருக்கும் வந்திருக்கிறது. ஒரு பொருளை நீண்டநேரம் உற்றுப் பார்ப்பவர்கள் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்துக்கு வந்துசேர்வது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் டென்மார்க்கின் மத்திய யூலண்டில் காற்றாலைச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைசெய்கிறார். எண்பதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தலைமுறை. அவருக்கும் அவருடைய டேனிஷ் கூட்டாளிகள் சிலருக்கும் இப்போது ஒரே யோசனை: பியூல் என்ற பெயரில் மறுபடி உயிர்பெற்றிருக்கும் 1190 வகை வண்டியை அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்கலாமா, வேண்டாமா? அங்குள்ள ஹேர்னிங் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து வெளியே நின்றபோது அவர் சொன்னார்: “அண்ணை, வண்டி நல்ல வண்டிதான். அதில எனக்குச் சந்தேகமில்லை. நாளைக்குக் கம்பனி இல்லாமல் போனால் சாமானுக்கு ஆரிட்டப் போறது?”

நியாயமான பயம். 2009 அக்டோபரில் ஹார்லி-டேவிட்சன் தன் கீழிருந்த பியூல் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தது. எரிக் பியூல் ஓயவில்லை. ஈஸ்ட் டிராய் என்ற சிற்றூரில் தன் பெயரிலேயே ஒரு பந்தய வண்டி நிறுவனம் தொடங்கினார். 2011-இல் 175 குதிரைவலு கொண்ட 1190ஆர்எஸ் வந்தது. மிகச் சிறிய எண்ணிக்கையில் கையால் செய்யப்பட்ட வண்டி. 2013-இல் இந்தியாவின் ஹீரோ மோட்டோகார்ப் அந்த நிறுவனத்தில் 49.2 விழுக்காட்டுப் பங்கை எடுத்தது. 2015 ஏப்ரலில் அதுவும் நின்றுபோயிற்று. பிறகு 2021-இல், மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், வேறு கைகளில் பியூல் என்ற பெயர் மீண்டும் எழுந்தது. மூன்றாம் பிறவி எடுத்திருக்கும் வண்டியின் ஆயுளைப் பற்றிக் கேட்காமல் எப்படி இருக்க முடியும்?

அதிலும் டென்மார்க்கில் இப்படி ஒரு வண்டியை எடைபோடுவது எளிதல்ல. வாகனப் பதிவு வரி மிகக் கடுமையானது. நெடுஞ்சாலையில் போகக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். நாட்டின் மிக உயரமான இயற்கை மேடு மொலஹோய். அதன் உயரம் 171 மீட்டரைக்கூடத் தொடவில்லை. மலை வளைவுகளில் சாய்ந்து திரும்புவதற்கென்றே செய்த வண்டிக்கு இந்தத் தட்டை நிலத்தில் என்ன வேலை என்று வீட்டில் யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை. பயனைக் காட்டி இதை நியாயப்படுத்தவே முடியாது. முடியாமல் போவது நல்லதென்றே எனக்குப் படுகிறது. பயன் என்ற போர்வை விலகியதும் ஆசை தன் சொந்த முகத்தோடு வந்து நிற்கிறது. அப்போதுதான் அதனுடன் நேருக்கு நேர் இருந்து பேசலாம்.

அந்தப் பேச்சுக்கு இந்த நாட்டின் குளிர்காலம் பெருந்துணை. ஐப்பசி முடிவதற்குள் பெரும்பாலான வண்டிகள் உறை போர்த்திக் கராஜுக்குள் போய்விடும். மார்கழியில் பகல் ஏழு மணிநேரம்தான். தெருவில் உப்புத் தூவியிருப்பார்கள். வாங்கிவிடத் துடித்த மனதுக்கு ஐந்து மாதம் ஓடுவதற்கு வழியே கிடையாது. தேற்றாங்கொட்டை உரைத்த குடத்தில் கலங்கல் அடியில் தங்குவதைப்போல, அந்த மாதங்களில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். மற்றவர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்ற விருப்பம் முதலில் இறங்கும். ஊரில் ஒருவரிடமும் இல்லாதது நம்மிடம் இருக்கிறது என்ற பெருமை கொஞ்சம் தாமதித்து இறங்கும். போன இளமையை இரண்டு சக்கரத்தில் திரும்பப் பிடித்துவிடலாம் என்ற நப்பாசை எல்லாவற்றுக்கும் கடைசியில், மிக மெதுவாக இறங்கும். எல்லாம் இறங்கிய பிறகும் மேலே ஏதாவது மிச்சம் நின்றால் அதைக் கவனிக்கவேண்டும்.

நண்பரிடம் மிச்சம் நின்றது ஒரு வியப்பு. பியூல் செய்த வேலையின் நடுக்கருத்தைப் பற்றிய வியப்பு. வண்டியின் பாரத்தையெல்லாம் அதன் மையத்துக்கு அருகே கொண்டுவருவதுதான் அந்தக் கருத்து. அதனால்தான் பெட்ரோல் உயரத்தில் இல்லாமல் சட்டத்துக்குள் இறங்கியது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய சைலன்சர் எஞ்சினுக்கு அடியில் போனது. முன்சக்கரத்தின் பிரேக் தட்டைக் குடத்தில் பூட்டாமல் விளிம்பில் பூட்டினார். பிரேக் பிடிக்கும் விசை ஆரங்களின் வழியே போகவேண்டிய தேவை இல்லாமற்போக, சக்கரத்தையே மெலிதாகச் செய்ய முடிந்தது. தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு வண்டிகளில், பாரம் நடுவில் திரண்டிருப்பது சட்டென்று திரும்பும். பாரம் ஓரங்களில் பரந்திருப்பது திரும்ப மறுக்கும். இது பௌதிகத்தின் மிகச் சாதாரணமான விதி.

இதை நண்பர் எனக்கு விளக்கிய மாலையிலிருந்து வேறொன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு பாரம் என்றுதான் நாம் எப்போதும் கேட்கிறோம். அது எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. இங்கே வந்துசேர்ந்த எங்களில் ஒருவருடைய பாரமும் குறைந்ததல்ல. ஊர் போனது; உறவுகள் சிதறின. குடும்பத்தை அழைப்பதற்கான விண்ணப்பங்கள் ஓர் அமைச்சரின் சொல்லால் தடுத்துவைக்கப்பட்ட ஆண்டுகள் இருந்தன; அதை விசாரித்த அறிக்கை வந்து 1993 ஜனவரியில் டேனிஷ் அரசாங்கமே பதவி விலகியது. அந்தப் பாரத்தைச் சிலர் கைக்கெட்டாத ஓரத்தில் தொங்கவிட்டுச் சுமக்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு சிறு வளைவு வந்தாலும் அது அவர்களை வெளியே இழுக்கிறது. வேறு சிலர் அதே பாரத்தை நெஞ்சோடு, தம் உடம்பின் பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். குறைக்க அவர்கள் முயலவில்லை, மறக்கவும் முயலவில்லை. ஆனாலும் புதிய மொழிக்கும் புதிய வேலைக்கும் அவர்களால் இலகுவாகத் திரும்ப முடிந்தது. பிராண்டே அபிராமி அம்மன் கோயிலில் விளக்கேற்றும் தாய்மார் பலரிடம் இதைக் கண்டிருக்கிறேன். பியூலின் வரைபடத்தைப் பார்க்கும்போது அவர்களுடைய முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

சாமானுக்கு ஆரிட்டப் போறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கான பதிலும் டென்மார்க்கிலேயே இருக்கிறது.

ஃபிஸ்கரின் முதல் வண்டி சுமார் 1,250 செய்யப்பட்டதோடு 1920களில் நின்றுவிட்டது. 1934-இல் அவரும் மகன் ஆண்டர்ஸும் சேர்ந்து சி என்ற புதிய மாதிரியைக் கொண்டுவந்தார்கள். தட்டையான எஃகுப் பட்டைகளை ரிவெட் ஆணிகளால் இணைத்த சட்டம். பெட்ரோல் இப்போது மேலே தனி டாங்கிக்குள். வால்வு ஸ்பிரிங்குகள் எஞ்சினுக்கு வெளியே தெரியும். அவை ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முன்புறம் நிமிர்ந்து நிற்கும் டைனமோவின் தண்டே மேலே உள்ள கேம் தண்டையும் சுழற்றும். ஒரே தண்டு இரண்டு வேலை. அதன் ஓசைக்காக ‘வண்டு’ என்று மக்கள் அழைத்தார்கள். டேனிஷ் இராணுவமும் தபால் துறையும் ஓட்டின. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்ட பிறகு, 1960-இல் உற்பத்தி நின்றது. தூசு உறிஞ்சும் இயந்திரங்கள் நில்ஃபிஸ்க் என்ற பெயரில் இன்றுவரை உலகெங்கும் போகின்றன. மோட்டார் சைக்கிள் முடிந்துபோனது.

தொழிற்சாலைக்குத்தான் முடிந்துபோனது. கோடையில் எந்த டேனிஷ் தீவுக்குப் போனாலும் ஒரு நிம்புஸ் எதிரே வருவதை இன்றும் காணலாம். பக்கப்பெட்டியில் பேரப்பிள்ளை இருக்கும். செய்தவர்கள் விட்டுப்போன பிறகு ஓட்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சங்கம் வைத்தார்கள். பழைய வரைபடங்களைக் காத்தார்கள். தேய்ந்த உறுப்புகளைப் புதிதாக வார்த்தும் கடைந்தும் எடுத்தார்கள். தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த ஒப்பந்தமும் அவர்களைக் கட்டவில்லை. உற்பத்தியில் இருந்த காலத்தைவிட நீண்ட காலமாக அந்த வண்டி, அதைப் பேணுகிறவர்களின் கைகளில் உயிரோடு இருக்கிறது.

சைவ மரபில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகள் சொல்வார்கள். முதற்படியாகிய சரியை உடம்பால் செய்யும் தொண்டு: கூட்டுதல், மெழுகுதல், புல் செதுக்குதல், விளக்குத் துடைத்தல். முதற்படி என்பதால் அதைச் சிறியதென்று எண்ணிவிடுகிறோம். அப்பர் பெருமான் முதிர்ந்த வயதிலும் கையிலிருந்த உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. பாடவும் உணரவும் தெரிந்த அவர் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டே ஊர் ஊராக நடந்தார். பேணுவதற்கு அவர் கொடுத்த இடம் அது. ஹேர்னிங் கோயிலில் ஆண்டுதோறும் தேர் வீதிக்கு வரும். அதற்கு முன்பு சக்கரத்தையும் அச்சையும் வடத்தையும் கைவைத்துப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாயில் மந்திரம் இருக்காது. ஆனால் கவனம் முழுவதும் விரல் நுனியில் இருக்கும். நிம்புஸின் வால்வுக்கு அருகே குனிந்து நிற்கும் முதியவரிடத்திலும் அதே கவனம். இரண்டையும் தனித்தனியாக வைக்க எனக்கு மனமில்லை.

கோப்பன்ஹேகன்காரரான தத்துவஞானி கியர்கெகார்ட் 1843-இல் ‘அல்லது இது, அல்லது அது’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். தெரிவுசெய்கிறவன் வெளியிலுள்ள ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, தன்னையே தெரிவுசெய்துகொள்கிறான் என்ற சிந்தனை அதில் ஓடுகிறது. எங்கள் விடயத்தில் அது மிகவும் நடைமுறையான உண்மை. பெரிய கம்பனியின் வண்டியை வாங்குகிறவர் பணம் கொடுத்ததோடு நின்றுவிடலாம்; மற்றதை விற்பனை நிலையம் பார்த்துக்கொள்ளும். சிறிய தயாரிப்பாளரின் வண்டியை வாங்குகிறவரால் அப்படி நிற்க முடியாது. செய்தவர் ஒருநாள் இல்லாமற்போகலாம் என்று தெரிந்தே அவர் கையேற்கிறார். அந்த நாள் வந்தால் மிச்ச வேலை அவருடையது. ஆகவே குதிரைவலுவையும் விலையையும் வரியையும் ஒரு தட்டில் வைத்தால், மறுதட்டில் வைக்கவேண்டியது தன்னுடைய பொறுமையை, கை அழுக்காகும் சனிக்கிழமைகளை, கற்றுக்கொள்ளும் விருப்பத்தை. வண்டியின் குணங்களை எத்தனை பேரோடு வேண்டுமானாலும் பேசிப் பார்க்கலாம். இந்த மறுதட்டை ஒருவர் தனியே இருந்துதான் நிறுக்கவேண்டும்.

வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களிடமும் எனக்கு மதிப்பு உண்டு. பேணுவதற்கு நேரமில்லாத ஒருவர், அழகான ஒன்றைக் கொண்டுவந்து கராஜில் துருப்பிடிக்க விடாமல் விலகிக்கொள்வது அந்தப் பொருளுக்குச் செய்யும் மரியாதை. செய்தவருக்குச் செய்யும் மரியாதையும்தான்.

நண்பர் இன்னும் வாங்கவில்லை. மாசி மாதம் தொலைபேசியில் பேசியபோது குதிரைவலுவைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. பக்கத்து ஊரில் ஒரு டேனிஷ் முதியவர் தம் நிம்புஸை முழுதாகக் கழற்றி வைத்திருக்கிறாராம். இவர் வேலை முடிந்து மாலைகளில் அங்கே போகிறாராம். கேம் தண்டின் பற்சக்கரங்களைச் சரியான இடைவெளியில் பொருத்துவது எப்படி என்று இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது என்றார். பிறகு, 1190 எஞ்சினின் சேர்விஸ் புத்தகத்தை அச்சடித்துத் தர முடியுமா, கண் கெட்டுப்போச்சு, போனில் வாசிக்க முடியேல்லை என்று கேட்டார்.