தனி நடையின் கடன்

ஆறேழு வாரம் நடக்க வேண்டிய யாத்திரைக்கு ஒருவர் துணையில்லாமல் கிளம்புவது சரியா? வயது வந்தவர், தன் காலால் நடக்கிறார், தன் காசைச் செலவழிக்கிறார், இதில் மற்றவர் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டு அதோடு முடித்துவிடலாம். ஆனால் யாத்திரைப் பாதை ஆளில்லாத வெளி அல்ல. வழி நெடுக ஊர்கள் இருக்கின்றன. வீட்டில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நடப்பவர் விழுந்தால் தூக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போகும் உரிமை ஒருவருடையது. அந்த உரிமைக்கு ஆகும் செலவைப் பலர் ஏற்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

ஜப்பானின் ஷிகோகு தீவில் இந்தக் கேள்வி பல நூற்றாண்டுகளாக நடமாடுகிறது. அந்தத் தீவில் பிறந்த பௌத்தத் துறவி கூகாய் (774–835). மறைவுக்குப் பின் கோபோ தைஷி என்ற பட்டத்தால் போற்றப்படுபவர். அவர் நினைவாக 88 கோயில்களைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளம். தோகுஷிமா, கோச்சி, எஹிமே, ககாவா என்ற நான்கு மாகாணங்களையும் தொட்டு வருகிறது. இன்று பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும் சுற்றிவிடுகிறார்கள். நடந்தே போகும் சிறுபான்மையினரில் பலர் தனியாகத்தான் போகிறார்கள். அந்த யாத்ரிகர்களை ஹென்ரோ என்கிறார்கள்.

ஹென்ரோ அணியும் கோரைத் தொப்பியில், இருவராய்ச் சேர்ந்து நடக்கிறோம் என்ற பொருளில் எழுதியிருக்கும். அந்த இன்னொருவர் தைஷி. கையில் உள்ள தடியே அவர் என்பது நம்பிக்கை. ஆகவே யாரும் தனியாகப் போவதில்லை என்று பக்தர் சொல்லலாம். நம்பிக்கையாக அது மதிக்கத் தக்கது. அறக் கேள்விக்கு அது மட்டும் விடையாகாது. தைஷிக்குப் பசிக்காது, காய்ச்சல் வராது, அவருக்காக நடையைக் குறைக்க வேண்டியதில்லை. உடன் வரும் மனிதர் அப்படியல்ல. அவருடைய கால் கொப்புளத்துக்காகக் காத்திருக்க வேண்டும்; சொன்னதையே திரும்பச் சொன்னாலும் கேட்க வேண்டும். தனியாகப் போகிறவர் இந்தப் பயிற்சியிலிருந்து தப்பித்துக்கொள்கிறார் என்பது எளிதில் தள்ளிவிட முடியாத குற்றச்சாட்டு.

மறுபக்கமும் கனமானது. இறந்துபோன மனைவிக்காக, மகனுக்காக நடப்பவர்கள் அந்தப் பாதையில் என்றும் உண்டு. துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்ல ஆள் கிடைப்பது போலவே, ஆறுதல் கேட்காமல் இருக்க இடம் கிடைப்பதும் தேவை. கூட்டத்தோடு போனால் எப்போது எழுவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் வணங்குவது என்று எல்லாவற்றையும் கூட்டமே தீர்மானித்துவிடும். தன் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவே வாய்க்காமல் ஊர் திரும்பிவிடலாம். தன்னோடு தான் இருக்கத் தெரியாதவர் பிறருக்கு நல்ல துணையாவதும் கடினம். இந்த அளவில் தனிமை தன்னலம் ஆகாது, அது ஒரு வேலை.

ஆனால் அந்த வேலைக்கு இடம் கொடுப்பது யார்? ஷிகோகுவில் ஒசெத்தாய் என்றொரு வழக்கம் உண்டு. வழியில் போகும் ஹென்ரோவை நிறுத்தி, முன்பின் தெரியாத ஒரு மூதாட்டி ஆரஞ்சுப் பழமோ, தேநீரோ, சில நாணயங்களோ கொடுப்பார். வீட்டில் இலவசமாகத் தங்க வைப்பவர்களும் உண்டு. கொடுப்பதை மறுப்பது மரியாதை அல்ல. வாங்கியவர் தன் பெயரும் ஊரும் எழுதிய சிறு காகிதச் சீட்டை நன்றியாகத் தர வேண்டும். யாத்ரிகருக்குக் கொடுப்பது தைஷிக்கே கொடுப்பது. தன்னால் போக முடியாத நடையில் தனக்கும் ஒரு பங்கு. கொடுப்பவரின் நம்பிக்கை இது. ஆகவே தனியாக நடக்கிறேன் என்பவர், தெரிந்தோ தெரியாமலோ, கொடுத்தவர்களின் வேண்டுதலையும் சுமந்துதான் நடக்கிறார்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பதால், வாங்குபவர் அதை உரிமையாக எடுத்துக்கொள்வது எளிது. ஓசியில் ஊர் சுற்றும் வழியாக யாத்திரையைப் பயன்படுத்தியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஜப்பான் வரலாற்றின் எடோ காலத்தில் தோசா ஆட்சி, இன்றைய கோச்சி, யாத்ரிகர் நுழையும் இடத்தையும் தங்கும் நாட்களையும் வரையறுத்துக் கெடுபிடி செய்தது. கையில் காசில்லாமல் இரந்தே நடந்தவர்கள் மீதுதான் அந்தக் கெடுபிடி அதிகம் விழுந்தது. சிலர் வழக்கத்தைச் சுரண்டினால், கதவு மூடப்படுவது பெரும்பாலும் உண்மையிலேயே வழியற்றவரின் முகத்தில்தான்.

அன்றைய யாத்ரிகர்கள் கொண்டுபோன பயண அனுமதிச் சீட்டுகளில் ஒரு வாசகம் இருந்ததுண்டு: இவர் வழியில் இறந்தால் அந்த ஊர் வழக்கப்படி அடக்கம் செய்யுங்கள், சொந்த ஊருக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. போகிறவர் எல்லாவற்றையும் துறந்துவிட்டார் என்று முதல் பார்வையில் தோன்றும். ஆனால் குழி வெட்டியவர் யார்? பெயர் தெரியாத ஒருவருக்காக வயல் வேலையை விட்டுவிட்டு வந்த கிராமத்தார். பாதையோரம் இன்றும் காணப்படும் யாத்ரிகர் கல்லறைகள் அவர்களுடைய உழைப்பு. இன்று மலைச்சரிவில் கால் பிசகி விழுந்தவரைத் தேடிப் போகிறவர்களின் உழைப்பும் அதே வகைதான். தன் உயிர் தன் விருப்பம் என்பவர், தன் உடலைத் தூக்கப்போகும் தோள்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நகாத்சுகாசா மோஹெய் என்பவரின் வாழ்க்கை இந்த வழக்கின் இரு பக்கங்களையும் ஒன்றாகக் காட்டுகிறது. 1866-இல், இருபத்திரண்டு வயது அளவில், வீட்டைவிட்டுக் கிளம்பியவர் 1922-இல் இறக்கும்வரை திரும்பவில்லை. அந்தப் பாதையை ஏறத்தாழ 280 முறை சுற்றினார். வழி தெரியாமல் பின்னால் வருபவர்களுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட கல் வழிகாட்டிகளை நிறுத்தினார். பல கற்கள் இன்றும் திசை காட்டுகின்றன. அவருடைய குடும்பம் ஒரு மகனை இழந்தது; அந்தக் கணக்கை எந்தக் கல்லாலும் நேர்செய்ய முடியாது. ஆனாலும் அவர் தன் தனிமையைத் தன்னோடு வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை. அதைப் பிறருக்கு வழியாக மாற்றினார். அவருக்குப் பழியும் உண்டு, நன்றியும் உண்டு. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நியாயமில்லை.

தனிமையைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றியே பேசினால் போதாது. அதே பாதையில் தொழுநோய் கண்டு வீட்டாரால் வெளியே அனுப்பப்பட்டவர்கள், உண்டதும் உறங்கியதும் பாதையிலேயே என்று, சாகும்வரை சுற்றிச் சுற்றி நடந்தார்கள். இப்படி அலைந்து திரிந்த நோயாளிகளைப் பிடித்துத் தனிமைப்படுத்தவே 1907-இல் ஜப்பான் சட்டம் இயற்றியது. கட்டாயத் தனிமைக்கான சட்டம் முற்றாக நீக்கப்பட்டது 1996-இல்தான். ஊர் தள்ளிவைத்ததால் வந்த தனிமையும், விடுமுறை எடுத்துக்கொண்டு தேடிப்போகும் தனிமையும் ஒன்றல்ல. திரும்பிப் போக வீடு இருப்பவர், அது இல்லாமல் நடந்தவர்களின் பாதையில்தான் தன் அமைதியைத் தேடுகிறார் என்பதை மறக்கக் கூடாது.

பெண்கள் விஷயத்தில் தராசு பொதுவாகவே சாய்ந்திருக்கிறது. 1918-இல் இருபத்துநான்கு வயதான தகாமுரே இத்சுஎ, பின்னாளில் ஜப்பானியப் பெண்களின் வரலாற்றை எழுதியவர், தனியாக இந்த யாத்திரைக்குக் கிளம்பினார். வழியில் தங்க இடம் கொடுத்த எழுபது கடந்த முதியவர் ஒருவர் துணைக்கு வந்தே தீருவேன் என்று உடன் நடந்தார். தகாமுரே நாளிதழில் எழுதிய பயணக் கட்டுரைகளால் ஊரெல்லாம் அவரைப் பற்றியே பேச்சு. தனியாகப் போகும் ஆணைப் பக்திமான் என்பதும், பெண்ணை அசட்டுத் துணிச்சல்காரி என்பதும் அறம் அல்ல, பழக்கம். ஆபத்து உண்மையென்றால் அதைக் குறைக்கும் கடமை பாதையைக் காப்பவர்களுக்கும் உடன் நடப்பவர்களுக்கும் உரியது. போகாதே என்று அவளிடம் மட்டும் சொல்வது, குற்றம் செய்யக் கூடியவனை விட்டுவிட்டுப் பாதிக்கப்படக் கூடியவளைத் தண்டிப்பதாகும்.

எனவே தனியாக நடப்பது தவறல்ல. ஆனால் அது இலவசமும் அல்ல. தன்னை நம்பியிருக்கும் குழந்தையையோ நோயாளியையோ அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகும் உரிமை எந்தப் பக்திக்கும் இல்லை. இன்று எங்கே இருக்கிறேன் என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்வதால் யாருடைய தனிமையும் கெட்டுவிடாது. கொடுப்பதை நன்றியோடு வாங்க வேண்டும். கொடுக்காததைக் கேட்கக் கூடாது. தன் உடலால் ஆகாத மலையில் பிடிவாதத்துக்காக ஏறக் கூடாது.

ஷிகோகுவில் மாலையில் விடுதி சேர்ந்ததும் ஹென்ரோ முதலில் தடியின் நுனியைக் கழுவ வேண்டும். தன் கால் எவ்வளவு வலித்தாலும் அது அதற்குப் பிறகுதான். யாரும் பார்க்காத இடத்திலும் தன்னை இரண்டாவதாக வைக்கப் பழக்கும் விதி இது. உடன் வரும் மனிதர் கற்றுத்தரக் கூடியதை இந்த விதியும், வழியில் கை நீட்டிக் கொடுத்தவர்களும் சேர்ந்து கற்றுத்தர முடியும், நடப்பவர் கற்க விரும்பினால். திரும்பி வந்தவர் வீட்டாரிடமும் அயலாரிடமும் முன்பைவிடப் பொறுமையாக இருக்கிறாரா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால், 88 கோயில்களையும் சுற்றியும் அவர் பட்ட கடன் அப்படியே நிற்கிறது.