அணி பிரிக்கும் நேரம்

இரண்டு தலைவர்கள் நிற்கிறார்கள். எதிரே வகுப்பு முழுதும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்கள். நன்றாக ஆடுகிறவன் முதலில், நண்பன் அடுத்து. கடைசியில் ஒருவன் மிஞ்சுகிறான். அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. மிஞ்சியதால் ஏதோ ஓர் அணியில் போய் நின்றுகொள்கிறான்.

கணக்கு ஆசிரியருக்கு அவன் மதிப்பெண் தெரியும். வகுப்பாசிரியருக்கு வருகைப் பதிவு தெரியும். யாருக்கும் வேண்டாதவனாக அவன் நின்ற அந்த அரை நிமிடத்தைப் பார்த்தவர் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தான். மாணவர் நலம் என்ற பொறுப்பை ஒரு பள்ளி யாரிடம் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அவரிடமே போய் நிற்கிறது.

*

கொல்கத்தாவில் இந்த எண்ணத்துக்கு ஆழமான வேர் இருக்கிறது. 1877இல் ஹேர் பள்ளியில் படித்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன் மைதானத்தில் வெள்ளையர்கள் ஆடிய பந்தை உதைத்துப் பார்த்தான். தன் வகுப்புப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு ஆடத் தொடங்கினான். இந்தியக் கால்பந்தின் தந்தை என்று பின்னாளில் அவரைக் கொண்டாடினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் நடத்திய வெலிங்டன் கிளப்பில் மணி தாஸ் என்ற குயவர் வீட்டுப் பையனைச் சேர்க்க உறுப்பினர்கள் மறுத்தார்கள். அவர் கிளப்பையே கலைத்துவிட்டார். புதிதாகத் தொடங்கிய சோவாபஜார் கிளப்பில் அந்தப் பையனுக்கு இடம் கிடைத்தது. 1892இல் அதே கிளப் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டைத் தோற்கடித்தது.

வெற்றியை எல்லோரும் எழுதுகிறார்கள். கூப்பிடப்படாத ஒருவனுக்காகக் கிளப்பைக் கலைத்த செயலைத்தான் உடற்கல்வி ஆசிரியர்கள் முதலில் படிக்க வேண்டும்.

*

பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையை முதலில் தாங்குவது உடற்கல்வி ஆசிரியரின் கைதான். தண்ணீர் தெளித்து, நிழலில் உட்கார வைத்து, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பார். பிள்ளை தரையைப் பார்க்கும். மேற்கு வங்கத்தில் அரசின் மதிய உணவு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு என்பதால் நமக்கு இது சட்டென்று உறைப்பதில்லை. பசி கூடும் வயதில் தட்டு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று ஓட முடியாமல் போகிற பையனிடம் சோம்பலைத் தேடுவதற்கு முன் பசியைத் தேட வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஏழாம் வகுப்பு வரை கபடியில் முன்னால் நின்றவள் எட்டில் சுவர் ஓரம் ஒதுங்குகிறாள். வாரம் தவறாமல் தலைவலி என்று கடிதம் கொண்டு வருகிறாள். மாதவிடாயா, உடம்பைப் பற்றிய கூச்சமா, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? வெயிலிலும் முழுக்கை இறக்கிவிட்டிருக்கும் பிள்ளை எதை மறைக்கிறது? இவையெல்லாம் எந்த விடைத்தாளிலும் வராது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் பார்க்கிற ஆசிரியை, பாதி நோயைத் தீர்த்துவிடுகிறார்.

*

வங்கத்தில் உடம்பையும் மனத்தையும் சேர்த்து நினைத்த இன்னொருவர் குருசதய் தத், ஐ.சி.எஸ். அதிகாரி. பீர்பூம் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது ராய்பெஷே என்ற பழைய வீர நடனத்தைக் கிராமங்களில் கண்டெடுத்தார். 1932இல் பிரதசாரி இயக்கத்தைத் தொடங்கினார். பாட்டு, நடனம், உடற்பயிற்சி, மண்வெட்டி பிடித்துச் செய்யும் வேலை எல்லாம் ஒன்றாகக் கலந்த பயிற்சி அது. ஞானம், உழைப்பு, சத்தியம், ஒற்றுமை, ஆனந்தம் என ஐந்து விரதங்கள். கொல்கத்தாவின் தெற்கே ஜோகாவில் பிரதசாரி கிராமமும் அவர் சேகரித்த நாட்டார் கலைப் பொருள்களின் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

அந்த ஐந்தாவது விரதத்தில் என் மனம் நெடுநேரம் தங்குகிறது. ஆனந்தத்தை ஒரு கடமையாக வைத்தார் அவர். உடம்பை அசைத்துச் சேர்ந்து பாடுகிற பிள்ளைக்கு அது கிடைக்கும் என்று நம்பினார். தேர்வு முடிந்த பிறகு, வேலை கிடைத்த பிறகு என்று நாம் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

*

2023 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போயிருந்த மேற்கு வங்க மாணவி ஒருவர் உயிரிழந்தார். வயது 17. தந்தை நடத்திய வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. ஒரு கல்வி நிறுவனத்தில் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தால் தகுதியுள்ள ஆலோசகர் வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது மனநலப் பயிற்சி வேண்டும். கூடியவரை மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது. விளையாட்டுக்கும் கலைக்கும் முன்னுரிமை வேண்டும்.

ஒரு தகப்பன் தன் துக்கத்தை மற்ற பிள்ளைகளுக்கான காவலாக மாற்றியிருக்கிறார். இதைப் படித்த அன்று வேறெதுவும் எழுத ஓடவில்லை.

ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்திலும் ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர்கள் நலத் தூதர்களாக இருக்க வேண்டும். கூடுமானால் ஓர் ஆண், ஒரு பெண். அதில் ஒருவர் உடற்கல்வி ஆசிரியராக இருப்பதே இயல்பு. ஆனால் அவர் மருத்துவர் இல்லை. கவனிப்பதும், கேட்பதும், தக்க இடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதும் அவர் வேலை. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 அவர் அறைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

*

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பல பள்ளிகளில் பிரம்பு உடற்கல்வி ஆசிரியர் கையில்தான் இருந்தது. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே தடை செய்தது. அடித்தவரிடம் எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது. பிரம்பைக் கீழே போடாமல் நலப் பொறுப்பை ஏற்கிறவர், அந்தப் பொறுப்பை ஏற்காமல் இருப்பதே நல்லது.

*

வடக்குக் கொல்கத்தாவின் பழைய பள்ளிகள் பலவற்றில் மைதானம் கிடையாது, முற்றம்தான். இருக்கிற விளையாட்டு வகுப்பையும் தேர்வு நெருங்கினால் கணக்கு எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டிலும் இதே கதை. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் அந்த வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிட உடல் இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டின் தரவுகளை அது ஆராய்ந்தபோது, இந்தியாவில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நான்கில் மூவருக்கு அது கிடைக்கவில்லை.

*

பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் கணக்கு ஆசிரியர் முன்னால் வரிசை நீளும். விளையாட்டு ஆசிரியரின் மேசை காலியாகக் கிடக்கும். அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது அந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். என் பிள்ளை யாரோடு விளையாடுகிறான், அணி பிரிக்கும்போது அவனை யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.